அந்த 'ஓகே'க்கு என்ன அர்த்தம்?

கேள்வி: பெல்லந்தூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் டீம் லீடாக இருக்கிறேன் அம்மா. என் கீழே ஒன்பது பேர். கலிபோர்னியா கிளையண்ட், தினமும் இரவு பத்தரைக்கு கால். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண், ஒரு மாதமாக மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை. எதைச் சொன்னாலும் 'ஓகே' என்கிறார். வெள்ளிக்கிழமை பீட்சா, காலையில் யோகா வகுப்பு எல்லாம் ஏற்பாடு செய்தும் பலன் இல்லை. வேறு என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: அந்த 'ஓகே' உங்கள் காதில் விழுந்ததே, அதுவே பெரிய விஷயம் தம்பி. என் காதில் விழவில்லை.

எலக்ட்ரானிக் சிட்டியில் நான் டெஸ்டிங் டீம் பார்த்துக்கொண்டிருந்த காலம். மதுரைப் பையன் ஒருவன், ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸுக்காக ஐந்து வாரம் சனி, ஞாயிறு பாராமல் வந்தான். எல்லாரையும் கைதட்ட வைத்துப் பாராட்டினேன். அதைப் பார்த்து மற்றவர்களும் சனிக்கிழமை வர ஆரம்பித்தார்கள்; எனக்கு அதில் பெருமை வேறு! ஒருநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் மேஜையில் மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருந்தது. "சாப்பிடலையாப்பா?" என்றேன். "மறந்துட்டேன் மேடம்." சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அடுத்த மாதமே வேலையை விடுவதாகப் பேப்பர் போட்டுவிட்டான்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பர்ன் அவுட்டை விளக்கியபோது அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்து அழுத்தம் நாள்கணக்கில் தீராமல் கிடப்பதால் வருவது என்றது. சக்தி வற்றிப்போவது, வேலைமேல் ஒரு விலகலும் கசப்பும், செய்வது எதுவும் உருப்படவில்லை என்ற எண்ணம் - இந்த மூன்றும் அடையாளங்கள். உங்கள் 'ஓகே' இரண்டாவது ரகம் போலிருக்கிறது. யோகா நல்லதுதான். ஆனால் இரவு பத்தரை கால் முடித்துப் படுத்தவருக்கு காலை யோகாவும் இன்னொரு மீட்டிங்தான்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். 'எப்படி இருக்கீங்க?' என்றால் 'நல்லா இருக்கேன்' என்றுதான் பதில் வரும். 'உங்க கையில இருக்கிறதுல எதை எடுத்தா மூச்சு விடலாம்?' என்று கேளுங்கள். சொன்னதை அந்த வாரமே எடுத்துவிடுங்கள். எடுத்ததைப் பக்கத்து சீட்டுக்காரர் தலையில் கட்டினால் ஆள்தான் மாறும். மேலதிகாரியிடம் போய் 'இந்த ஸ்பிரிண்ட்டில் (இந்தத் தவணை வேலையில்) இது வராது' என்று சொல்ல வேண்டியது நீங்கள். அப்ரைசல் நேரத்தில் வயிற்றைக் கலக்கும், தெரியும். ஆனாலும் டீம் லீடுக்குச் சம்பளமே அதற்குத்தான்.

அப்புறம் அந்த இரவு கால். நமக்குப் பத்தரை என்றால் அவர்களுக்குக் கோடையில் காலை பத்து. அவர்களுக்குக் காலை எட்டு மணிக்கு வைக்கலாமா என்று ஒருமுறையாவது கேட்டீர்களா? இங்கே இரவு எட்டரைக்கே கால் தொடங்கிவிடும். இதே கேள்வியைக் கேட்க எனக்கு நாலு வருஷம் ஆயிற்று. கிளையண்ட் 'ஷ்யூர்' என்று ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டார்! மாற்ற முடியாவிட்டால் முறை வைத்து ஆளுக்கு ஒருநாள் போங்கள்.

தூக்கமே இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று அவர் சொன்னால் அது உங்கள் கையை மீறியது. அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் இருக்கிறது.

உங்கள் மெயில் எனக்கு வந்த நேரம் இரவு 1.40. நீங்கள் கடைசியாக லீவு போட்டது எப்போது?