அஞ்சலில் பயணம் செய்த ஃபிலிம் சுருள்கள்

கேள்வி: பழைய புத்தகக் கடையில் வாங்கிய, மேலட்டை கிழிந்துபோன ஓர் அமெரிக்க இதழின் நடுவே வண்ணக் காகித உறை ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. ஃபிலிமை உள்ளே வைத்து, பணத்துடன் அஞ்சலில் அனுப்பினால் பிரின்ட் போட்டு அனுப்புவதாக அச்சிட்டிருக்கிறார்கள். 110, 126, 35 மி.மீ. என்று ஃபிலிம் வகையைக் குறிக்கும் கட்டங்களும் உள்ளன. இது எக்காலத்தது? பாதுகாக்கத் தக்கதா?
- வாசகி, காரைக்குடி

பதில்: அவசியம் பாதுகாக்க வேண்டியது. இந்த வழக்கத்தின் தொடக்கம் 1888-இல் வெளிவந்த கோடக் கேமராவில் இருக்கிறது. 100 படங்களுக்கான ஃபிலிமுடன் 25 டாலருக்கு விற்கப்பட்ட அந்தக் கேமராவை, படம் எடுத்து முடித்ததும் அப்படியே அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரத்திலிருந்த கோடக் நிறுவனத்துக்கு அனுப்பிவிட வேண்டும். 10 டாலர் கட்டணத்தில் படங்களைப் போட்டு, புது ஃபிலிமையும் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். பின்னாளில் கேமராவுக்குப் பதிலாக ஃபிலிம் மட்டும் அஞ்சலில் போகலாயிற்று.

இதழ்களிலும் ஞாயிறு நாளிதழ்களிலும் செருகப்பட்ட இந்த உறைதான் நிறுவனத்தின் விளம்பரம், அதுவே ஆர்டர் படிவம், அதுவே ஃபிலிமைச் சுமந்து செல்லும் பொட்டலம். கடையோ விற்பனையாளரோ இல்லாத ஒரு தொழில், தன்னிடம் இருந்த ஒரே முகத்தை எவ்வளவு அக்கறையுடன் வரைந்திருக்கிறது என்பதை நீங்களே பார்க்கிறீர்கள். சிரிக்கும் குழந்தையின் படமும், இலவசமாகப் புது ஃபிலிம் தரும் வாக்குறுதியும் பெரிய எழுத்தில் இருக்கும். தொலைந்துபோனால் புது ஃபிலிம் மட்டுமே ஈடாகக் கிடைக்கும் என்ற நிபந்தனை பொடி எழுத்தில் இருக்கும். திருமணப் படங்களை அனுப்பியவர்கள் அந்தப் பொடி எழுத்தையும் ஏற்றுக்கொண்டுதான் உறையை ஒட்டினார்கள் என்பது என்னை இன்றும் நெகிழச் செய்கிறது.

இலவச ஃபிலிமுக்கும் காரணம் உண்டு. சியாட்டில் ஃபிலிம்வொர்க்ஸ் என்ற நிறுவனம், திரைப்படத்துக்கான கோடக் ஃபிலிமை 35 மி.மீ. கேமராவுக்கு ஏற்பச் சுருளாக்கிக் கொடுத்தது. அதன் பின்புறத்தில் கரிப்பூச்சு இருந்ததாலும் கழுவும் முறையே வேறானதாலும் சாதாரண லேபுகள் அதை ஏற்கவில்லை. ஆகவே வாடிக்கையாளர் மீண்டும் அந்நிறுவனத்துக்கே அனுப்ப வேண்டியிருந்தது.

காலத்தைக் கணிக்க, படத்தைவிட அந்தக் கட்டங்களே நம்பகமானவை. 126 ஃபிலிம் 1963-இலும், 110 ஃபிலிம் 1972-இலும், வட்டத் தகடு போன்ற டிஸ்க் ஃபிலிம் 1982-இலும் வந்தன. உங்கள் உறையில் 110 இருப்பதால் அது 1972-க்கு முந்தையதாக இருக்க முடியாது. டிஸ்குக்குக் கட்டம் இல்லாவிட்டால், பெரும்பாலும் 1982-க்கு முந்தையதாகவே இருக்கும். 110 இல்லாத உறை கிடைத்தால் முகவரியையும் பாருங்கள்: அமெரிக்க அஞ்சல் குறியீட்டு எண் 1963-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

அனுப்பப்பட்ட உறைகள் லேபில் கிழிக்கப்பட்டதால், உங்களுடையதைப் போன்ற பயன்படுத்தாதவையே நம் கைக்கு வருகின்றன. எனவே இதழிலிருந்து அதைப் பிரிக்காதீர்கள். எந்தப் பக்கங்களுக்கிடையே வந்தது என்பதும் சான்றுதான். மழைக்காலத்து ஈரத்தில் மடிப்பிலுள்ள கோந்து தானாக ஒட்டிக்கொள்ளும். அதனிடையே ஒரு துண்டு பட்டர் பேப்பரை வைத்துவிடுங்கள்.