கன்னத்தைப் பாருங்கள், சான்றிதழை அல்ல

கேள்வி: பாரிஸில் ஒரு தரகர், ஓவியர் லூயி கலோஷின் முகத்தைக் காட்டும் உருவப்பட அச்சு ஒன்றை 400 யூரோவுக்குத் தருகிறார். 1776-இல் ஜெர்மானியச் செதுக்குக் கலைஞர் மியூல்லர் செப்புத் தகட்டில் செதுக்கியது, சான்றிதழும் உண்டு என்கிறார். கோடுகளைப் பார்த்து நானே உறுதிசெய்ய முடியுமா?

பாதி முடியும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே பேச்சை முடித்துவிடலாம்.

செதுக்குளி செப்புத் தகட்டில் நுழையும்போது கோடு மெலிதாக இருக்கும். ஆழம் கூடக்கூடத் தடித்து, வெளியேறும்போது மறுபடி கூர்ந்து முடியும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் தடித்த கோடுகளில் மை லேசாக மேடிட்டிருப்பது தெரியும். ஆஃப்செட் என்ற இயந்திர அச்சு நகலில் மேடு இருக்காது, புள்ளிவலைதான் தெரியும். புகைப்படம் வழியாக அமிலத்தில் அரித்த தகடு என்றால் மேடும் இருக்கும், தகட்டின் அழுத்தத் தடமும் இருக்கும். ஆனால் கோட்டின் ஓரம் பிசிறடிக்கும், நுனி மொண்ணையாக நிற்கும்.

அடுத்து கன்னம். மியூல்லர் பாரிஸில் வில்லே என்ற செதுக்குக் கலைஞரிடம் பயின்றவர். அந்தப் பட்டறையில் கோடு கன்னத்தின் உருட்சியோடு வளையும். வெளிச்சம் விழும் இடத்தை நெருங்கும்போது சிறு கீற்றுகளாக உடைந்து, கடைசியில் வெறும் புள்ளிகளாகும். பட்டுத்துணி என்றால் மடிப்போடு ஓடும் இரண்டு தடித்த கோடுகளுக்கு நடுவே மயிரிழை போல ஒரு கோடு. பளபளப்பைத் தருவது அதுதான். இந்தப் புள்ளிகளும் மயிரிழைகளும் ஆழம் குறைந்தவை. அச்சடிக்க அடிக்க முதலில் தேய்வது இவைதான். முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து, நிழல் மட்டும் கருப்பாக நின்றால் அது பிந்தைய அச்சு.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் ஏமாற ஒரு வழி உண்டு, தரகர்களுக்குப் பிடித்ததும் அதுதான். மியூல்லர் இதைச் செதுக்கியது பிரான்சின் அரச ஓவிய, சிற்ப அகாதெமியில் சேர்வதற்காக. அப்படிக் கொடுத்த தகடுகள் அகாதெமியின் சொத்து. அவற்றில் ஏராளமானவை பின்னர், 1797-இல் தொடங்கிய லூவ்ர் கால்கோகிராஃபிக்கு, அதாவது லூவ்ர் அருங்காட்சியகத்தின் செப்புத்தகட்டுச் சேகரிப்புக்கு, போய்ச் சேர்ந்தன. அங்கே பழைய தகடுகளில் இன்றும் அச்சிட்டு விற்கிறார்கள். அதில் மோசடி ஏதுமில்லை; ஓரத்தில் மையில்லாத அழுத்து முத்திரை வைத்துத்தான் தருகிறார்கள். அந்த ஓரத்தை வெட்டிவிட்டு, பழைய சட்டத்தில் போட்டு, “18ஆம் நூற்றாண்டு” என்று விற்பவர்தான் மோசடிக்காரர். அசல் தகடு என்பதால் கோடுகள் அசலாகவே இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செப்பின்மேல் மெல்லிய இரும்புப் பூச்சு ஏற்றும் முறை வந்தபின் தேய்மானமும் பெரிதாகக் காட்டிக்கொடுக்காது. ஆகவே ஓரம் குறுக வெட்டிய படம் என்றாலே சந்தேகப்படுங்கள்.

காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சுமார் 2.5 செ.மீ. இடைவெளியில் நேர்கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே நெருக்கமான மெல்லிய கோடுகளும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது 1776-ஆம் ஆண்டு அச்சு அல்ல. தெரிந்தாலும் தீர்ப்பு ஆகிவிடாது. அந்த வகைக் காகிதம் இன்றும் கிடைக்கிறது.

சான்றிதழா? விற்பவரே அச்சடித்து, விற்பவரே கையெழுத்திட்ட தாளுக்கு அந்தப் பெயர் எதற்கு? ஏலப் பட்டியல்களும் தகட்டின் ஆண்டைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு அச்சிட்ட காலத்தை விழுங்கிவிடுகின்றன, கேட்பாரில்லை. பிரான்சில் 1981 மார்ச் 3 ஆணைப்படி, நீங்கள் கேட்டால் பொருளின் தன்மையையும் காலத்தையும் குறித்து விற்பவர் ரசீது தந்தாக வேண்டும். “அச்சிட்ட காலம்: 18ஆம் நூற்றாண்டு” என்றே எழுதித் தரச் சொல்லுங்கள். “செதுக்கியது 1776” என்று மட்டும் எழுதினால் பணத்தை எடுக்காதீர்கள்.