'டிக்' என்றால் கச்சான்: கொத்துகிற கிளியைக் கைக்குப் பழக்குவது எப்படி?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: "அண்ணா, போன வருசம் வவுனியாவில் நீல நிற ரிங்நெக் கிளி ஒன்று வாங்கினோம். இப்போது பதினாலு மாதம். கூட்டுக்குள் கை விட்டால் இரத்தம் வரக் கொத்துகிறது. மகள் வீடியோவில் பார்த்துவிட்டுக் கிளிக்கர் ஒன்று, அதுதான் அழுத்தினால் 'டிக்' என்கிற சின்னப் பெட்டி, வாங்கினாள். மூன்று கிழமையாகிறது. அழுத்தினால் கிளி கூட்டின் மூலைக்கு ஓடுகிறது, பிறகு கூப்பிட்டு அழுத்தியும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இதை விட்டுவிடலாமா? இது கதைக்கவாவது செய்யுமா?"

விடவேண்டாம். ஆனால் அந்தக் கிளிக்கரை இன்றைக்கே லாச்சிக்குள் போட்டு மூடிவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

'கூப்பிட்டு அழுத்தியும்' என்று எழுதியிருக்கிறீர்கள், பிழை அங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கூட மணி அடித்தால் பிள்ளைகள் ஓடி வருவதுபோல, டிக் என்றதும் கிளி வரும் என்று நினைத்திருக்கிறீர்கள். கிளி ஒரு நல்ல காரியம் செய்கிற அந்த நொடியில், 'இதற்குத்தான் உனக்குத் தீனி வருகிறது' என்று அதற்குச் சொல்லத்தான் இந்தச் சத்தம். காரியம் முதலில், டிக் இரண்டாவது, தீனி மூன்றாவது. நீங்கள் டிக்கை முதலில் வைத்துவிட்டீர்கள், தீனியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே உங்கள் கிளிக்கு அது கூட்டுக்குப் பக்கத்தில் காரணமே இல்லாமல் வெடிக்கிற ஒரு சத்தம்.

வெடிக்கிற என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். கடையில் வருகிற பெட்டிக் கிளிக்கர்கள் பெரும்பாலும் நாய்களுக்குச் செய்தவை, முற்றத்தின் அந்தத் தொங்கலில் நிற்கிற நாய்க்கும் கேட்கவேண்டும். ஒரு அடி தூரத்தில் இருக்கிற, நூற்றிருபது கிராம் அளவிலான ஒரு பறவைக்கு அது மிகவும் உரத்த சத்தம். அதுவும் எங்களுடைய பக்கத்தில், இரவில் யானை கலைக்கப் போடுகிற வெடி, வயல் விளைகிற காலத்தில் விடியவே தகரம் அடித்துக் கிளி கலைக்கிற சத்தம் என்று அது ஏற்கெனவே எவ்வளவோ கேட்டுக்கொண்டிருக்கிறது. யானை வெடி கேட்ட இரவுக்கு அடுத்த நாள் காலையில் பழக்கவே வேண்டாம், கூட்டுக்குப் பக்கத்தில் சும்மா இருந்து மெல்லக் கதைத்தால் போதும்.

மூன்று கிழமை பயந்த சத்தத்தைத் திருத்துவதைவிடப் புதுச் சத்தம் ஒன்றைத் தொடங்குவது சுகம். அழுத்துகிற பேனை ஒன்று எடுங்கள், அந்த டிக் போதும். நடுவில் மேடு எழும்பிய ஜாம் போத்தல் மூடியும் சரி, ஆனால் துணியால் சுற்றி மெல்ல அழுத்தவேண்டும். நாக்கால் 'ட்டொக்' என்று செய்யத் தெரிந்தால் இன்னும் நல்லது, இரண்டு கையும் சும்மா இருக்கும். வாயால் 'கெட்டிக்காரன்' என்று சொன்னால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். சொல்லலாம், ஆனால் சொல் நீளம், எங்கள் குரல் களைப்பில் ஒரு மாதிரி, சந்தோசத்தில் இன்னொரு மாதிரி வரும். டிக் எப்போதும் ஒரே மாதிரி, ஒரே நொடியில் முடிந்துவிடும்.

இனித் தீனி. கச்சான், சூரியகாந்தி விதை, கொய்யாத் துண்டு, மாதுளை முத்து, அவித்த சோளன், தினை என்று ஐந்தாறு சாமானை ஒரு தட்டில் வைத்து எதை முதலில் எடுக்கிறது என்று இரண்டு மூன்று நாள் பாருங்கள். எது முந்துகிறதோ அதை அன்றாடச் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து எடுத்துவிடுங்கள், இனிமேல் அது பழக்குகிற நேரத்தில் மட்டும்தான். ஒரு தரம் கொடுப்பது கச்சானில் கால்வாசி, சூரியகாந்தியில் ஒரு விதை, அதற்கு மேல் வேண்டாம். இரண்டும் கொழுப்பு, நாள் முழுக்கக் கொறித்தால் ஈரல் கெடும். கச்சான் எங்கள் மண்ணில் விளைகிறதுதான், ஆனால் பூஞ்சணம் பிடித்ததிலிருக்கிற நஞ்சு பறவையின் ஈரலைக் கொல்லும், ஆகவே மணந்து பார்த்து, உப்புப் போடாததைக் கொடுங்கள். பட்டர்புரூட்டும் சொக்கலேற்றும் ஒரு துளியும் கூடாது. பசியில் போட்டால் கெதியாகப் பழகும் என்று யாரும் சொன்னால் கேட்கவேண்டாம், தயவுசெய்து. சமையலுக்கு வைத்திருக்கிற எலக்ட்ரோனிக் தராசில் கிழமைக்கு ஒரு தரம் விடிய நிறுத்து எழுதி வையுங்கள். பத்துக் கிராம், பன்னிரண்டு கிராம் என்று குறைந்துகொண்டு போனால் பழக்குவதை நிறுத்திவிட்டு மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் கிளியிடமிருந்து ஒன்றும் கேட்காதீர்கள். டிக், உடனே தீனி. டிக், தீனி. ஒரு தரத்துக்குப் பத்துப் பதினைந்து முறை, காலையும் பின்னேரமும். டிக்குக்கும் தீனிக்கும் நடுவில் ஒரு நொடி, கூடினால் இரண்டு. உங்கள் கைக்குத்தான் அது பயம், ஆகவே கையால் நீட்டவேண்டாம், நீளக் காம்புள்ள கரண்டியால் கம்பிக்குள்ளால் கோப்பையில் போடுங்கள். டிக் கேட்டதும் அதன் தலை தானாகக் கோப்பைப் பக்கம் திரும்புகிறதா? அந்த நாளில் அதற்கு விளங்கிவிட்டது. ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: டிக் என்று ஒலித்தால் தீனி கொடுத்தே ஆகவேண்டும், பிழையாக அழுத்தினாலும் கொடுக்கவேண்டும். அந்தச் சத்தம் நீங்கள் கொடுக்கிற வாக்கு, இரண்டு மூன்று தரம் ஏமாற்றினால் அதற்குப் பெறுமதி இல்லாமல் போய்விடும்.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். கிளி இல்லாத இடத்தில் நீங்கள் பந்தை நிலத்தில் போட, பந்து நிலத்தைத் தொடுகிற அதே நொடியில் அவள் பேனையை அழுத்தவேண்டும். முதலில் பிந்தும், இரண்டு நாளில் சரிவரும். பிறகு அவள் அழுத்துகிறவள், நீங்கள் தீனி போடுகிறவர். தனியாகச் செய்வதைவிட இது எவ்வளவோ சுகம்.

அடுத்தது தடி தொடுவது. ஒரு அடி நீளமான வேப்பங்குச்சி போதும், பட்டையைச் சீவிக் கழுவிக்கொள்ளுங்கள். அலரித் தடி மட்டும் வேண்டாம், அது நஞ்சு, கோயில் வீதியிலும் வேலியிலும் நிற்கிறதே என்று முறித்துவிடாதீர்கள். கூட்டுக்கு வெளியே நின்று குச்சியின் நுனியைக் கம்பிக்குக் கிட்டக் காட்டுங்கள். கிளி பார்த்தாலே டிக், தீனி. பிறகு தலையை நீட்டினால் டிக். பிறகு ஒரு கால் எடுத்து வைத்தால். கடைசியில் அலகால் தொட்டால்.

தொடும்வரைக்கும் காத்துக்கொண்டு நிற்பதுதான் எல்லோரும் விடுகிற பிழை. உளவியலாளர் ஸ்கின்னரும் அதைத்தான் விட்டார். 1943-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஒரு மாவு ஆலைக் கட்டடத்தில் அவரும் கெல்லர் பிரேலண்ட், நோர்மன் குட்மன் என்ற இருவரும் ஒரு புறாவுக்கு அலகால் மரப்பந்தைத் தட்டிவிடப் பழக்கப் பார்த்தார்கள். முழுதாகத் தட்டினால்தான் தீனி என்று இருந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. காத்திருந்து அலுத்துப்போய், சரி, பந்தைப் பார்த்தாலே தீனி போடுவோம் என்று தொடங்க, சில நிமிடத்தில் பந்து பெட்டிச் சுவர்களில் பட்டுத் தெறித்ததாம். தீனி வருவதற்கு முந்திய அடையாளமாக, அழுத்தினால் டிக் என்கிற விளையாட்டுச் சாமானைப் பாவிக்கலாம் என்று 1951-ல் அவரே எழுதினார். நாய்க்காரர்கள் எடுத்துப் பெயராக்கியது எல்லாம் பிறகு.

இப்போது கொத்துகிற விசயத்துக்கு வருவோம், உங்களுக்கு உண்மையில் வேண்டியது இதுதானே. கிளி வன்மத்தில் கொத்துவதில்லை. கொத்துவதற்கு முன் அது எத்தனையோ தரம் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கும்: கண்மணி சுருங்கி விரியும், இறகை உடம்போடு ஒட்டிக்கொள்ளும், கழுத்தை நீட்டும், சிலது வாலை விசிறி மாதிரி விரிக்கும். அதற்கெல்லாம் கை நிற்கவில்லை, கொத்தினதும் நின்றது, ஆகவே கொத்துவதுதான் வேலை செய்கிற பாசை என்று அது படித்துக்கொண்டது. இந்த இனத்தில் இளவயதில் காரணமில்லாமல் கொத்துகிற பருவம் ஒன்று வருவதும் உண்டு, அந்தக் காலத்தில் வீட்டுக்காரர் பயந்து ஒதுங்க, அதுவே பழக்கமாகிவிடும். அலகில் தட்டுவது, முகத்தில் ஊதுவது, சத்தம் போடுவது ஒன்றும் உதவாது. கூவிக்கொண்டு கையை இழுப்பதைச் சில கிளிகள் விளையாட்டாகவே எடுத்துக்கொள்ளும்.

ஆகவே கை கூட்டுக்குள் போகவேண்டாம், கிளி கையிடம் வரட்டும். தடியைத் தொடப் பழகினபிறகு கூட்டுக் கதவைத் திறந்து, ஒரு கையை வாசலுக்கு இரண்டு முழம் தள்ளி மேசையில் அசையாமல் வையுங்கள், மற்றக் கையால் தடியைக் காட்டுங்கள். கிளி தடிக்கு வந்தால் டிக், தீனி. இறகை ஒட்டிக்கொண்டால் கையை இன்னும் தள்ளுங்கள், அதில் வெட்கம் இல்லை. அது பயப்படாமல் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவாருங்கள். பிறகு தடியை உங்கள் கைக்கு அந்தப் பக்கம் பிடித்தால், தொடுவதற்கு அது ஒரு காலைக் கையில் வைக்கவேண்டி வரும். அந்தக் கால் பட்ட நொடிதான் டிக்குக்கு உரிய நொடி. ஒரு கால், பிறகு இரண்டு கால், பிறகு அரை நிமிடம். ஒரு மாதத்தில் வருவதும் உண்டு, மூன்று மாதம் எடுப்பதும் உண்டு. ஏறத் தெரிந்தபிறகு ஒவ்வொரு தரமும் டிக் தேவையில்லை, 'ஏறு' என்ற சொல்லே போதும், தீனியை இடைக்கிடை கொடுங்கள். தலையைத் தடவ ஆசைப்படாதீர்கள், ரிங்நெக் பெரும்பாலும் அதை விரும்பாது, தோளில் வந்து இருப்பதுதான் அதன் பாசம்.

நேரம் மூன்று நிமிடம், கூடினால் ஐந்து, நாளுக்கு இரண்டு தரம். கிளி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நிறுத்துங்கள். விடிய ஏழு மணிக்கு முன்னும் பின்னேரம் வெயில் தணிந்த பிறகும்தான் எங்களுடைய பக்கத்துக்குச் சரி. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் அது வாயைத் திறந்து செட்டையை உடம்பிலிருந்து விலக்கி மூச்சு வாங்கினால் அது சூட்டின் அடையாளம், உடனே நிழலும் தண்ணீரும்.

கதைக்குமா என்றால், ரிங்நெக் கதைக்கக்கூடிய இனம்தான், ஆனால் எல்லாம் கதைக்காது. சொல்லுக்குக் கிட்டவான ஒரு சத்தம் வந்தால் டிக் கொடுத்து வளர்க்கலாம். அலெக்ஸ் என்ற ஆபிரிக்கச் சாம்பல் கிளிக்கு ஐரீன் பெப்பர்பேர்க் முப்பது வருசமளவில் சொற்களைப் பழக்கினார், அவர் பெரும்பாலும் பாவித்தது வேறு முறை: கிளிக்கு முன்னால் இரண்டு பேர் சாமானைக் காட்டிக் கேட்டும் சொல்லியும் கதைக்க, கிளி பார்த்துப் பழகும். நீங்களும் மகளும் அதைச் செய்து பாருங்கள். ஆனால் முதலில் கை, பிறகு கதை.

இடையில் ஒன்று. உங்கள் கிளி வளர்க்கிறவர்களின் கூட்டுக்குள் பிறந்தது, காட்டில் பிடித்தது இல்லை, அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். இதை வாசித்துவிட்டு மொட்டைப் பனைப் பொந்தில் கைவிட்டுப் பச்சைக்கிளிக் குஞ்சு எடுக்க யாரும் நினைக்கவேண்டாம். எந்தப் பழக்கமும் அதன் தாயையும் வானத்தையும் திருப்பிக் கொடுக்காது.

கையில் ஏறத் தொடங்கினதும் நீங்கள் பழக்கவேண்டிய அடுத்த காரியம் பெட்டிக்குள் போவது. வித்தையெல்லாம் பிறகு. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்தபோது எங்கள் வீட்டு முற்றத்தில் முழங்காலுக்குத் தண்ணீர். எங்கள் கிளிக்குப் பெட்டி தெரியாது. இருட்டில் துவாயால் பொத்திப் பிடித்துத்தான் அடைத்தோம், அது கத்தின சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதன்பிறகு இரண்டு மாதம் ஒருவர் கைக்கும் வரவில்லை, எல்லாவற்றையும் கரண்டியிலிருந்து திரும்பத் தொடங்கினோம். பறவை பார்க்கிற வைத்தியரும் எங்களுக்குப் பக்கத்தில் இல்லை, பஸ்ஸில் கொண்டுபோகவும் பெட்டி வேண்டும். ஆகவே காற்றுப் போகிற சின்னப் பெட்டி ஒன்றைக் கதவு திறந்தபடி கூட்டுக்குப் பக்கத்தில் இப்போதே வையுங்கள். பெட்டியைப் பார்த்தால் டிக், கிட்டப் போனால் டிக், தலையை உள்ளே விட்டால் டிக், உள்ளே தடியைத் தொட்டால் இரண்டு கச்சான் துண்டு. கதவை மூடுவது கடைசியில், முதலில் ஒரு நொடிக்கு மட்டும். ஐப்பசி மழைக்கு முன் அது தானாக நடந்து உள்ளே போனால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.