அண்ணாச்சியக் கேளுங்க: சீனத்துக் காலண்டரும் ஆச்சியோட டெய்லி ஷீட்டும்

கேள்வி: அண்ணாச்சி, நான் டிசைன் படிக்கேன். சீனாவோட பாரம்பரியக் காலண்டர இந்தக் காலத்துப் பிள்ளைக கையில எப்படிக் கொண்டு சேக்கதுன்னு பிராஜக்ட். டிராகன், சிவப்பு லாந்தர் எல்லாம் போட்டு போஸ்டர் பண்ணுனேன், ஹோட்டல் மெனு கார்டு மாதிரி இருக்குன்னு சார் திருப்பிக் குடுத்துட்டாரு. என்ன செய்ய? (மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: சார் சொன்னதுல தப்பில்ல தாயி. படம் மட்டும் போட்டா செவுத்துல தொங்கும், அம்புட்டுதான். கைக்கு ஒரு வேலை குடுக்கணும். எங்க ஆச்சி எந்திரிச்சதும் டெய்லி ஷீட்டக் கிழிப்பா, ராகுகாலம் எமகண்டம் பாப்பா, கிழிச்ச தாள மடிச்சு முந்தில சொருகிக்கிடுவா, நெல்லையப்பர் கோயில்ல இருந்து வரும்போது திருநீறு அதுலதான் மடிச்சு வரும். பள்ளிக்கூடம் போகாதவ, ஆனா இன்னைக்கு என்ன திதின்னு கேட்டா தூக்கத்துலயும் சொல்லுவா.

சீனாவுலயும் இந்த சூட்சுமம் தெரிஞ்ச ஆளுக இருந்திருக்காங்க. டிசம்பர் 21, 22 வாக்குல வார குளிர்கால சங்கராந்தில இருந்து, அதாவது பகல் ரொம்பக் குறைஞ்ச நாள்ல இருந்து, ஒம்பது ஒம்பதா 81 நாள் எண்ணுவாங்க, முடிஞ்சா குளிர் போச்சுன்னு கணக்கு. அதுக்கு ஒரு படம் உண்டு. வெறும் கோடா ஒரு பிளம் கிளை, ஒம்பது பூ, பூவுக்கு ஒம்பது இதழ். நாளைக்கு ஒரு இதழுக்குக் கலர் அடிக்கணும். கிளை முழுக்கப் பூத்துட்டா வசந்தம் வந்துட்டுன்னு அர்த்தம். சீனாவ ஆண்ட சிங் வம்சத்து அரண்மனைல இதையே எழுத்தா வச்சிருந்தாங்க, ஒம்பது எழுத்து, எழுத்துக்கு ஒம்பது கோடு, தினம் ஒரு கோட்டு மேல மை. எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொரு வகை: 81 வட்டம், அன்னைக்கு மேகம்னா வட்டத்தோட மேல் பாதி, வெயில்னா கீழ, காத்துன்னா இடது, மழைன்னா வலது, பனி விழுந்தா நடுவுல. பாத்தியா, ஒரே வட்டத்துல தேதியும் வானிலையும்! குற்றாலத்துச் சாரலுக்கு நம்மளும் இப்படி ஒண்ணு போட்டா என்னன்னு தோணுது. டிராகன விட்டுட்டு இதுல இருந்து ஆரம்பி தாயி.

கேள்வி: சீனக் காலண்டர் நிலாவ வச்சுத்தான ஓடுது, அப்ப வெவசாயி எதப் பாத்து விதைப்பான்? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: மாசம் நிலாக் கணக்கு, அமாவாசை அன்னைக்குத்தான் ஒண்ணாந்தேதி. அப்படி 12 மாசத்துக்கு 354 நாள்தான வரும், 11 நாள் இடிக்கும், அதனால 19 வருசத்துக்கு ஏழு மாசம் கூடச் சேப்பாங்க. ஆனா வெவசாயிக்குச் சூரியக் கணக்கு தனியா உண்டும். சூரியன் சுத்துத 360 பாகைய 24 துண்டாக்கி, 15 பாகைக்கு ஒரு பேரு. மார்ச் 5, 6ல பூச்சி முழிக்குத நாள், ஏப்ரல் 20 வாக்குல தானிய மழை, செப்டம்பர்ல வெண்பனித்துளி. யுனெஸ்கோ 2016ல இத மரபுப் பட்டியல்ல சேத்துது. 2022 பிப்ரவரி 4, பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழால 10, 9, 8ன்னு எண்ணாம இந்த 24 நாளோட பேரையும் திரைல ஓட்டித்தான் ஆரம்பிச்சாங்க, அன்னைக்கு இந்த 24ல முத நாளான வசந்தத் தொடக்கம், நாள் பாத்துத்தான் வச்சிருக்காங்க! ஒண்ணு மட்டும், அந்தப் பேரெல்லாம் மஞ்சள் ஆத்துப் பக்கத்துக் குளிருக்கும் மழைக்கும் வச்சது. தாமிரபரணித் தண்ணில கார், பிசானம்னு ரெண்டு போகம் நெல்லு போடுத நமக்கு அது அப்படியே ஒத்து வராது, பாளையங்கோட்டைப் பிள்ளையும் இதக் குறிச்சுக்கிடட்டும்.

கேள்வி: நமக்கும் 60 வருசம், அவங்களுக்கும் 60 வருசம். ரெண்டும் ஒண்ணா? (வாசகி, தென்காசி)

பதில்: இல்லம்மா. நம்மது பிரபவ தொடங்கி அட்சய வரைக்கும், வியாழன் அஞ்சு சுத்து சுத்துத கணக்கு. அவங்களது வருசத்துக்கு வைக்க பேருல ரெண்டு வரிசை, ஒண்ணுல 10, இன்னொண்ணுல 12, ரெண்டும் சேந்தே நகரும், 60ல மறுபடி முதல் ஜோடி வந்து நிக்கும். எலி, மாடு, புலி எல்லாம் அந்தப் பன்னெண்டுக்குத்தான். மூவாயிரம் வருசத்துக்கு முந்தின ஷாங் வம்சத்து ராஜாக்க காலத்து எலும்புகள்லயே இதால நாள் எண்ணிக் கீறி வச்சிருக்காங்க.

கேள்வி: கடைல ஓசியாக் குடுக்க காலண்டர்ல மட்டும் ஏன் கடை பேரு பெருசாவும் தேதி சின்னதாவும் இருக்கு? (வாசகர், சங்கரன்கோவில்)

பதில்: காசு போட்டு அடிக்கது அவருல்லா வே. எனக்கும் அந்தத் தேதியப் பாக்கக் கண்ணாடி தேடி எடுக்கதுக்குள்ள ராகுகாலமே முடிஞ்சிருது. போன வருசம் ஒரு கடைல சொல்லிப் பாத்தேன். இந்த வருசம் கடை பேர இன்னும் கொஞ்சம் பெருசாக்கிட்டாங்க.