பேன் டி முதல் ரானிடிடின் வரை: அஜீரண மாத்திரைகள், ஒரு மருந்தாளுநரின் பதில்கள்

நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம், உப்புசம் என்று டாக்டர் சீட்டில் எழுதித் தரும் மாத்திரைகள் பற்றி வாசகர்கள் கேட்டவையும் அவற்றுக்கு மருந்தாளுநர் தந்த பதில்களும்.

திண்டுக்கல்: பான்டோப்ரசோல் 40 தினமும் டிபன் முடித்ததும் போடுகிறேன். பத்து நாளாகியும் எரிச்சல் குறையவில்லை. வேறு மாத்திரை கேட்கணுமா?

முதலில் நேரத்தை மாற்றுங்கள். இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் பம்புகள் உண்டு. சாப்பாடு இறங்கும்போதுதான் அவற்றில் பெரும்பாலானவை வேலையில் இறங்கும். ஓடிக்கொண்டிருக்கிற பம்பைத்தான் இந்த மருந்தால் அடைக்க முடியும். ரத்தத்தில் இது தங்குவதோ சில மணி நேரம். அதனால் பம்பு ஓடத் தொடங்கும்போது மருந்து அங்கே தயாராக இருக்க வேண்டும். காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால், தண்ணீரோடு, முழுசாக விழுங்குங்கள். காபியும் அந்த அரை மணி கழித்துத்தான். மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. அமிலத்தில் மருந்து சிதையாமல் குடல்வரை கொண்டுபோவதே மேல்பூச்சின் வேலை.

முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். எரியும்போது மட்டும் ஒன்று போட்டுவிட்டு ‘கேட்கவில்லை’ என்பவர்கள் இதைக் கவனிக்கவும். சரியான நேரத்தில் இரண்டு வாரம் போட்டும் குறையாவிட்டால் டாக்டரிடம் திரும்பப் போங்கள்.

சேலம்: தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றில், இதுவும் வெறும் வயிற்றில். எது முதலில்?

எழுந்ததும் தைராக்சின். அரை மணி கழித்து பான்டோப்ரசோல். இன்னொரு அரை மணி கழித்து டிபன். அமிலம் குறைந்தால் தைராக்சின் உடம்பில் சேர்வதும் குறையலாம். ஆகவே புதிதாகத் தொடங்கியவர்கள் 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்ஹெச் என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுங்கள். அலுமினியம், மெக்னீசியம் கலந்த ஜெல் சிரப் குடிப்பதாக இருந்தால் தைராக்சினிலிருந்து நாலு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கணும்.

தஞ்சாவூர்: மெடிக்கலில் பான்டோப்ரசோல் கேட்டால் பேன் டி தருகிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். அந்த ‘டி’ டோம்பெரிடோன் என்கிற இரண்டாவது மருந்து. வாந்தியை நிறுத்தவும் இரைப்பை சீக்கிரம் காலியாகவும் கொடுப்பது. பேன் டி கேப்ஸ்யூல் ஒன்றில் பான்டோப்ரசோல் 40 மி.கி., மெதுவாகக் கரையும் டோம்பெரிடோன் 30 மி.கி. இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு டோம்பெரிடோன் 30 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்பது ஐரோப்பிய மருந்து முகமை 2014ல் வைத்த வரம்பு. காலையில் ஒரு கேப்ஸ்யூலோடு அந்த வரம்பு முடிந்துவிட்டது. ராத்திரி இன்னொன்று போட்டாலும், வாந்திக்கென்று தனியாக டோம்பெரிடோன் 10 போட்டாலும் வரம்பு தாண்டுகிறது.

சீட்டில் வெறும் பான்டோப்ரசோல் என்று இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். அது இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கோவை: பயமுறுத்துகிறீர்கள். எங்கள் டாக்டரே பேன் டிதான் எழுதுகிறார். ஐரோப்பாவில் ஆயிரம் சொல்வார்கள், இந்தியாவில் இதற்குத் தடை இல்லையே?

தடை இல்லைதான். உங்களைப் பரிசோதித்து இத்தனை நாள் என்று டாக்டர் எழுதியிருந்தால் அதன்படியே போடுங்கள். நான் சொல்வது, அந்தச் சீட்டு முடிந்தபிறகு பழைய அட்டையைக் காட்டி மாதக்கணக்கில் வாங்குவதைப் பற்றி.

ஐரோப்பாவில் சொன்னதன் காரணத்தைப் பாருங்கள். டோம்பெரிடோன் இதயத்தின் மின்னோட்டத்தில் க்யூடி என்கிற இடைவெளியை நீட்டக்கூடியது. அது அதிகம் நீண்டால் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். அபாயம் சிறியது, ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. 60 வயது தாண்டியவர்கள், இதய நோயாளிகள், நீர் மாத்திரையால் பொட்டாசியம் குறைந்தவர்கள், கல்லீரல் பழுதானவர்கள் ஆகியோருக்குக் கூடுதல். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்கிற ஆன்டிபயாட்டிக்குகள், ஃப்ளூகோனசோல் என்கிற பூஞ்சை மருந்து இவற்றோடு சேரவே கூடாது. இதனால்தான் வாந்தி, குமட்டலுக்கு மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்குள் என்று சுருக்கி, உப்புசத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும் தருவதை அங்கே நீக்கினார்கள். கோவையில் இருக்கும் இதயத்துக்கும் இதே விதிதான்.

திருச்சி: கோவைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ‘டி’ இல்லாமல் போட்டால் எனக்கு உப்புசம் போவதில்லை. சுகரும் உண்டு. நான் என்ன செய்ய?

உங்கள் கேள்வி வேறு மாதிரியானது. நாள்பட்ட சர்க்கரை நோயில் இரைப்பை மந்தமாகி, சாப்பிட்டது மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும். இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்தால், முந்தின வேளைச் சாப்பாடு வாந்தியில் வந்தால், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அங்கே டோம்பெரிடோனுக்கு இடம் இருக்கலாம். ஆனால் இசிஜி எடுத்து, பொட்டாசியம் பார்த்து, டாக்டர் கண்காணிப்பில். வெறும் காற்று உப்புசம் என்றால் அமிலத்தைக் குறைப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

இதற்குப் பதிலாக, இரைப்பையை வேகப்படுத்தும் இன்னொரு மருந்தான லீவோசல்பிரைடு சேர்ந்த கேப்ஸ்யூலுக்கு நீங்களாக மாறிவிடாதீர்கள். வயதானவர்களுக்குக் கைநடுக்கம், உடல் விறைப்பு வரலாம். டோம்பெரிடோன், லீவோசல்பிரைடு இரண்டுமே பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டுபவை. மாதவிலக்கு தள்ளிப்போனாலோ மார்பில் பால் கசிந்தாலோ மாத்திரைப் பெயரையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நாகர்கோவில்: அப்பாவுக்கு 61 வயது, சுகர் இருக்கிறது. மாடி ஏறினால் நெஞ்சில் ‘கேஸ்’ அடைக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிறது. எந்த மாத்திரை நல்லது?

எந்த மாத்திரையும் வேண்டாம். நடந்தால் வந்து நின்றால் போகும் நெஞ்சடைப்பை இதயக் கோளாறாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இன்றே அழைத்துப்போய் இசிஜி எடுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ, வியர்வை, மூச்சுத்திணறல், கை அல்லது தாடை வலி சேர்ந்தாலோ 108க்கு அழையுங்கள். ஜெலூசில் கொடுத்துக் காத்திருக்காதீர்கள்.

ஈரோடு: ஐந்து வருஷமாகத் தினமும் பான்டோப்ரசோல் 40 ஒன்று. நிறுத்தினால் மூன்றாம் நாள் பயங்கர எரிச்சல். அடிமையாகிவிட்டேனா?

அடிமைத்தனம் இல்லை. பல வாரம் அமிலத்தை அடக்கி வைத்தால் உடம்பு அதைத் தூண்டும் காஸ்ட்ரின் ஹார்மோனைக் கூட்டிக்கொள்கிறது. திடீரென்று விட்டதும் அமிலம் முன்பைவிட அதிகமாகப் பொங்கும். பழைய நோய் திரும்பியது என்று நினைத்து மறுபடி தொடங்குகிறார்கள். சில வாரத்தில் அது தானாகத் தணியும்.

டாக்டரிடம் பேசிவிட்டுப் படிப்படியாக இறங்குங்கள். 40ஐ 20 ஆக்கி இரண்டு வாரம், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு வாரம், பிறகு நிறுத்தலாம். இடையில் எரிந்தால், அமிலம் மேலே ஏறாமல் தடுக்கும் ஆல்ஜினேட் சிரப். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி இடைவெளி. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 செ.மீ. மரக்கட்டை வையுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி எரிச்சல் கூடத்தான் செய்யும்.

ஐந்து வருஷம் என்பதால் ரத்தத்தில் பி12, மெக்னீசியம், கிட்னி நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பாருங்கள். ஆனால் ரத்தக்கசிவு வந்த அல்சரோடு ஆஸ்பிரின் எடுப்பவர்கள், உணவுக்குழாய் புண் கடுமையாக இருப்பவர்கள், பேரட் நோய் (உணவுக்குழாயின் உள்படலம் மாறிப்போவது) இருப்பவர்கள் நிறுத்தக்கூடாது. மலம் தார்போல் கறுத்தால், விழுங்கும்போது சிக்கினால், எடை தானாகக் குறைந்தால் மாத்திரைப் பேச்சை விட்டு எண்டோஸ்கோப்பிக்குப் போங்கள்.

விழுப்புரம்: ரபெப்ரசோல் சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

இதுவும் பான்டோப்ரசோல் வகைதான். முன்பு. அரை மணி.

கரூர்: ரானிடிடின் பழைய அட்டை இருக்கிறது, போடலாமா?

வேண்டாம். புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் என்டிஎம்ஏ என்கிற மாசுப்பொருள் காரணமாக அமெரிக்காவில் 2020ல் திரும்பப் பெறச் சொன்னார்கள். நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் 2022 முதல் இல்லை. அதே வகையில் ஃபமோடிடின் இருக்கிறது. கிட்னிப் பழுது இருந்தால் அளவைக் குறைக்கணும் என்பதால் டாக்டரைக் கேட்டு.

வேலூர்: இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் கட்டாமலிருக்க குளோபிடோக்ரல் எடுக்கிறேன். ஒமேப்ரசோல் ஆகுமா?

ஒமேப்ரசோலும் எஸோமேப்ரசோலும் குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கும். பான்டோப்ரசோலுக்கு மாற்றச் சொல்லி இதய டாக்டரிடம் கேளுங்கள். ‘டி’ இல்லாதது.

கடலூர்: பேன் டி சாப்பிட்டபின் போட்டால் என்ன?

நேரத்தைப் பற்றித் திண்டுக்கல்லுக்கும், ‘டி’யைப் பற்றித் தஞ்சாவூருக்கும் சொன்னதைப் படியுங்கள்.

மதுரை: ஹெச். பைலோரி என்கிற வயிற்றுக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை எழுதியிருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்தணுமா?

ஆமாம். பான்டோப்ரசோல் வகையை இரண்டு வாரமும், ஆன்டிபயாட்டிக்கை நாலு வாரமும் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று வரலாம். எழுதிய டாக்டரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். இடையில் எரிந்தால் ஜெல் சிரப் போதும். கிருமி இருப்பது உறுதியானால் தரும் கிட்டில் பெரும்பாலும் கிளாரித்ரோமைசின் இருக்கும். அந்த நாட்களில் வீட்டில் மிச்சமிருக்கும் பேன் டியைத் தொடவே கூடாது.