ஞாயிறு முழுக்க இருந்தும் படம் சேறாகிப் போகிறதா?

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ஞாயிறு மட்டும்தான் எனக்கு ஓய்வு. விடிய எட்டு மணிக்கு வோட்டர் கலரோடு விறாந்தையில் இருந்தால் பின்னேரம் எழும்பும்போது சேறு மாதிரி ஒரே ஒரு படம்தான் மிச்சம். கீறுவதும் பெயின்ற் பண்ணுவதும் ஒரே நாளில் முடியுமா?”

முடியும், செய்யவும் வேண்டும். உங்கள் படம் சேறாவதற்குக் காரணமே நாள் முழுக்க அந்த ஒரு படத்தோடேயே இருப்பதுதான். பூசிய நிறம் காயும் வரை கை சும்மா இராது, இங்கே கொஞ்சம் பச்சை அங்கே கொஞ்சம் மண்ணிறம் என்று திரும்பத் திரும்பத் தொடும், அடியில் அரைகுறையாகக் காய்ந்து கிடந்தது கிளம்பி மேலே வைத்ததோடு கலந்து, பிறகு என்ன நிறம் என்று உங்களுக்கே சொல்லத் தெரியாது.

அதனால் மூன்று கடதாசியை ஒன்றாகத் தொடங்குங்கள். ஒன்றில் வானமும் தரையும் பூசி எடுத்து வையுங்கள், இரண்டாவதைப் பூசுங்கள், மூன்றாவதில் பென்சிலால் கீறிக்கொண்டிருங்கள். ஈரக் கடதாசியை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால் பளபளப்புத் தெரியும், அது இருக்கும்வரை நிறம் விடலாம். மினுக்கம் மங்கத் தொடங்கியதும் கையை எடுத்துவிடுங்கள், அந்த நேரம் தண்ணீர் கூடிய பிரஷ் பட்டால் பூக்கோவா விரிந்த மாதிரி விளிம்பு வந்துவிடும். காய்ந்துவிட்டது போலத் தெரிந்தாலும் புறங்கையை மெல்ல வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சோளகக் காற்றில் கெதியாகக் காயும், இரண்டு கடதாசியே போதும். மாரி மழைக்குள் நான்கு வேண்டும். காய்ந்தபின் நிறம் வெளிறும், ஆகவே பூசும்போது கொஞ்சம் தூக்கலாகவே வையுங்கள் (அக்ரிலிக் நேர்மாறு, காய்ந்தால் இருளும்).

எட்டு மணிக்குத் தொடங்குவது பிந்திவிட்டது. ஆறரைக்கே முற்றத்துக்குப் போங்கள், நிழல் நீளமாகக் கிடக்கும். அந்த நிழலை முதல் பத்து நிமிடத்தில் குறித்துவிட்டு, பிறகு அது எங்கே நகர்ந்தாலும் திருத்தாதீர்கள். கிடுகு வேலி இருந்தால் அதையே கீறலாம், ஆனால் ஓலை ஓலையாகத் தொடங்கினால் மத்தியானம் ஆகிவிடும். ஓலைமேல் ஓலை படியும் இடத்து இருட்டை மட்டும் ஐந்தாறு இடத்தில் அழுத்தி வையுங்கள், மிச்சத்தைப் பார்ப்பவரின் கண் நிரப்பிக்கொள்ளும். வெயிலில் நரைத்த ஓலை நிறத்துக்குக் கறுப்பைத் தொடவே வேண்டாம், அல்ட்ராமரின் நீலத்தோடு பேர்ண்ட் சியன்னா என்ற செம்மண்ணிறத்தைக் கலந்தால் அந்தச் சாம்பல் வந்துவிடும்.

வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் நல்லது என்று ஐரோப்பியர் எழுதிய கைநூல்களில் படித்திருப்பீர்கள். அது அவர்கள் ஊருக்குச் சரி. யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியில் இருந்து ஓகஸ்ட் கடைசி வரைக்கும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, அப்போது வடக்கு ஜன்னலுக்குள்ளும் வெயில் வரும். காலையில் வீட்டின் மேற்குப் பக்கம், பின்னேரம் கிழக்குப் பக்கம், அவ்வளவுதான் விதி. கடதாசியில் நேரே வெயில் விழுந்தால் கண் கூசி எல்லாவற்றையும் இருட்டாகப் பூசிவிடுவீர்கள், உள்ளே கொண்டுவந்து பார்த்த பிறகுதான் அது விளங்கும்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். நம் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லுக்குள் வெட்டியவை, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். இருண்ட நிறம் காய்ந்தபின் மேலே வெள்ளை மங்கல் கண்டால் தண்ணீரையும் கொஞ்சம் சந்தேகியுங்கள். கொதிக்க வைத்து, ஆறி அடையவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் வார்த்தெடுங்கள், மழைத் தண்ணீர் என்றால் இன்னும் நல்லது. உவர்க் கிணறு என்றால் கொதிக்க வைத்தும் பலனில்லை, உப்புப் போகாது.

சித்திரக் கொப்பித் தாள் பென்சிலுக்கு நல்லது. வோட்டர் கலருக்கு அது சுருளும், சதுர மீற்றருக்கு 300 கிராம் என்று போட்டிருக்கும் தடிப்புத் தாள் வாங்குங்கள், விலை கூடத்தான், ஆனால் ஒரு தாளை நாலாக வெட்டினால் ஒரு ஞாயிறுக்குப் போதும். நாலு பக்கமும் மாஸ்கிங் ரேப்பால் பலகையில் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணித்தியாலம் படுங்கள். எழும்பி வந்து பார்த்தால் எந்தப் படத்தை விட்டுவிடலாம் என்பது உடனே தெரியும், அதன் பின்பக்கம் அடுத்த கிழமை நிறம் பரிசோதிக்க உதவும். மூன்றில் ஒன்று தேறினாலே நல்ல நாள் என்பது என் கணக்கு.

இருட்டியபின் நிறத்தைத் தொடாதீர்கள். மஞ்சள் பல்ப்புக்குக் கீழே மஞ்சள் பூசினால் கண்ணுக்கே தெரியாது, கூட்டிக் கூட்டிப் பூசிவிட்டுக் காலையில் திகைப்பீர்கள். பேனாவோ பென்சிலோ எடுத்து மேசையில் கிடக்கும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீறுங்கள். பிரஷைத் தண்ணீருக்குள் குத்தி வைத்துவிட்டுப் படுக்கப் போக வேண்டாம், நுனி வளைந்துவிடும், கழுவித் துவாயில் படுக்க வையுங்கள். நிறப் பெட்டியையும் இறுக்கி மூடுங்கள், சில வோட்டர் கலரில் தேன் சேர்க்கிறார்கள், நம் வீட்டு எறும்புக்கு அது நன்றாகவே தெரியும்.