ரேக்கை அளக்காமல் யூபிஎஸ் வாங்காதீர்கள்

கேள்வி: எங்கள் பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் இரண்டு சர்வர்கள், கோப்புகளைச் சேமிக்கும் ஒரு நாஸ் பெட்டி, ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் எல்லாம் ஒரு ரேக்கில் (கருவிகளை அடுக்கும் அலமாரி) இருக்கின்றன. ஒவ்வொரு சர்வரிலும் 750 வாட் பவர் சப்ளை இரண்டு. எல்லாவற்றையும் கூட்டி, 5 கேவிஏ யூபிஎஸ்ஸும் ஐந்து மணி நேரம் தாங்கும் பேட்டரியும் வேண்டும் என்கிறார் விற்பனையாளர். வீட்டு இன்வெர்ட்டரே போதும் என்கிறார் எங்கள் கணக்காளர். யார் சொல்வது சரி?
– வாசகர், திருப்பூர்

பதில்: இருவருமே அளந்து பார்க்காமல் சொல்கிறார்கள்.

750 வாட் என்பது அந்த பவர் சப்ளையால் தர முடிந்த உச்ச அளவு. சர்வர் அவ்வளவு இழுக்கிறது என்று அர்த்தமில்லை. ஒன்று பழுதானால் மற்றது தாங்கட்டும் என்றுதான் இரண்டு வைத்திருக்கிறார்கள். நான்கையும் கூட்டுவது, ஸ்டெப்னியையும் எண்ணி கார் ஐந்து சக்கரத்தில் ஓடுகிறது என்பதைப் போல.

உங்கள் எலக்ட்ரீஷியனிடம், வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டர் இருக்கும். ரேக்குக்குப் போகும் ஃபேஸ் வயரை மட்டும் பிரித்து அதன் வாய்க்குள் விட்டு அளக்கச் சொல்லுங்கள். நியூட்ரலும் சேர்ந்த கேபிளை அப்படியே கவ்வ விட்டால் பூஜ்யம்தான் காட்டும். இரவு பேக்கப் ஓடும் நேரத்தில் அளப்பது நல்லது. 2.8 ஆம்பியர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டால் பெருக்கினால் 644 விஏ (வோல்ட் ஆம்பியர்; ஆயிரம் விஏ ஒரு கேவிஏ). நாளை இன்னொரு சர்வர் சேர்ந்தாலும் ஆயிரத்தை ஒட்டித்தான் நிற்கும். மின்சாரம் போனாலும் இடைவெளி விடாத 2 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ் தாராளம். வாங்கும்போது வாட் அளவையும் கேளுங்கள். பவர் ஃபேக்டர் (விஏவில் வாட்டாகக் கிடைக்கும் பங்கு) 0.8 என்றால் அந்தப் பெட்டி 1600 வாட்தான் தரும்.

வீட்டு இன்வெர்ட்டர் வேண்டாம். மின்சாரம் போனதும் அது பேட்டரிக்கு மாறும் இடைவெளி மின்விசிறிக்குத் தெரியாது. சர்வர் அதற்குள் அணைந்து மறுபடி எழலாம்.

பேட்டரியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 600 வாட்டை அரை மணி நேரம் ஓட்ட 300 வாட் மணி. யூபிஎஸ்ஸில் வீணாவதைச் சேர்த்தால் 350. 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரி ஆறு போட்டால் காகிதத்தில் 504 வருகிறது, போதும் என்று தோன்றும். ஆனால் அந்த 7 ஏஎச், இருபது மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைப்பது. அரை மணியில் உறிஞ்சினால் சுமார் 60 சதவீதம்தான் தேறும். பேட்டரிக்கு வயதானால் அதுவும் குறையும். 18 ஏஎச் ஆறு போடுங்கள். அந்த யூபிஎஸ் 72 வோல்ட் பேட்டரி வரிசையை ஏற்பதா, அதன் சார்ஜர் 18 ஏஎச்சுக்குப் போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை நினைத்துத்தான் விற்பனையாளர் ஐந்து மணி நேரம் என்கிறார் போலும். ஆனால் ஏசி யூபிஎஸ்ஸில் ஓடாதே! ரேக்குக்குள் போகும் 600 வாட்டும் வெப்பமாகி அந்தச் சிறிய அறையிலேயே தங்கும். பேட்டரி தீர்வதற்கு முன்பே சூடு தாங்காமல் சர்வர் நின்றுவிடக்கூடும். சூட்டில் பேட்டரியும் கெடும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

தையல் பிரிவுக்கு ஜெனரேட்டர் இருக்குமே, ரேக்கையும் ஏசியையும் அதில் சேருங்கள். யூபிஎஸ் அந்த ஜெனரேட்டரை ஏற்கிறதா என்று ஒருமுறை மெயினை அணைத்துப் பாருங்கள். லோடு ஏறி இறங்கும்போது ஃப்ரீக்வென்சி (மின் அலைவெண்) யூபிஎஸ் ஏற்கும் வரம்பைத் தாண்டி ஆடினால், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே யூபிஎஸ் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். பல மாடல்களில் இந்த வரம்பைத் தளர்த்த செட்டிங் உண்டு.

ஜெனரேட்டர் கிளம்பாத நாளும் வரும். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிளைச் சர்வரில் செருகி, பேட்டரி பாதியானதும் தானே அணையும்படி அமைத்துவிடுங்கள். முதலில் சர்வர்கள், கடைசியில் நாஸ்.

கேள்வி: அதே யூபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரையும் மாட்டலாமா?

பதில்: கூடாது. அதன் ஹீட்டர் விட்டுவிட்டு நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும். பில் அச்சாகும் நேரம் பார்த்து ஓவர்லோடு அலாரம் அடிக்கும்.